பனிமலை வாணிபமும் வாய்மையும்

வாணிபம் என்பது பொருளும் பணமும் கைமாறும் செயல் மட்டுமன்று. விற்போன் அறிந்தவற்றுள் எவ்வளவு வாங்குவோனுக்குச் சொல்லப்படுகின்றது என்பதையும் பொறுத்தது அது. நெல்லை வாங்குபவன் ஒரு பிடியைக் கையிலெடுத்து ஊதிப் பார்க்கலாம். துணியை வாங்குபவன் இழையைத் தடவிப் பார்க்கலாம். ஆயின், இத்தகைய சோதனைக்கு இடங்கொடாத பண்டங்களும் உலகில் உள. விலையைச் செலுத்தி, பயணத்தையும் முடித்த பின்னரே அவற்றின் தன்மை தெரியவரும். அத்தகைய பண்டங்களைப் பொறுத்தவரை, விற்போனின் சொல்லே வாங்குவோனுக்குத் தராசாகவும் அளவுகோலாகவும் அமைந்துவிடுகின்றது. அச்சொல் பிழைக்குமிடத்து அங்கே ஏனைய உபசாரங்கள் எல்லாம் வெறும் ஒப்பனையே.

இவ்வகைப் பண்டங்களுள் விசித்திரமானதொன்று வெண்பனி. வானிலிருந்து எவர்க்கும் இலவசமாக வீழும் பனி எவ்வாறு விற்பனைப் பண்டமாகும் என வெப்பநாட்டு வாசகர் வினவலாம். அல்ப்ஸ் மலைநாடுகளிலும் வட அமெரிக்காவின் றொக்கி மலைகளிலும் குளிர்காலப் பொருளாதாரத்தின் பெரும்பகுதி பனிச்சறுக்குத் தலங்களையே நம்பியிருக்கின்றது. மலையடிவாரத்திலிருந்து உச்சிவரை கம்பிவடத்திலே தொங்கிச் செல்லும் நாற்காலிகள் மனிதரை ஏற்றிச் செல்கின்றன. இரவுதோறும் பொறிகள் சரிவுகளைச் செப்பனிட்டுச் சறுக்குத்தடங்களாக்குகின்றன. சறுக்குப் பலகைகளும் பாதணிகளும் வாடகைக்குக் கிடைக்கின்றன. பயிற்சியாளர், விடுதிக்காரர், சமையற்காரர், காயமுற்றோரை மீட்கும் மலைக்காவலர் என ஒரு சிற்றூரே அங்கு தொழிற்படுகின்றது. எனினும் பனி வீழாவிடின் இவையனைத்தும் பயனற்றவை. எனவே தலத்தை நடாத்துவோர் உண்மையில் விற்பது, பனி உண்டு என்ற தமது வாக்குறுதியையே.

இவ்வாணிபத்தின் தொடக்கக் கதையாக வழங்குவதும் ஒரு வாக்குறுதி பற்றியதே. சுவிற்சர்லாந்தின் சென் மொறிற்ஸ் என்னும் ஊரில் விடுதி நடாத்திய யொகானஸ் பட்றுற், 1864ஆம் ஆண்டு கோடை முடிவில், ஊர் திரும்பவிருந்த ஆங்கில விருந்தினர் சிலரிடம் ஒரு பந்தயம் கூறினாராம். அக்காலத்திலே அல்ப்ஸ் மலை கோடைக்குரிய இடமாகவே கருதப்பட்டது. குளிர்காலத்திலும் தம் ஊரில் வெயில் காயும் என்றும், வந்து பார்த்து அது பொய்யெனக் கண்டால் பயணச் செலவைத் தாமே தருவதாகவும், மெய்யெனக் கண்டால் விரும்பும்வரை தம் விருந்தினராய்த் தங்கலாம் என்றும் அவர் சொன்னதாகக் கதை. வந்தவர்கள் ஈஸ்ரர் வரை தங்கினர் என்றும் அது கூறும். கதையின் ஒவ்வொரு விவரமும் வரலாறு ஆகாதிருக்கலாம். எனினும் அதன் உட்பொருள் மனங்கொளத்தக்கது. பொய்த்தால் நட்டம் தன்னதே என்று விற்போன் ஏற்றுக்கொள்ளும்போதே அவன் சொல்லுக்கு விலை உண்டாகின்றது. பனிமலை வாணிபத்தில் நேர்மையான சேவை எது என்பதற்கு இதனைக் காட்டிலும் சுருக்கமான இலக்கணம் கூறுதல் அரிது.

பின்வந்த நூற்றாண்டில் இவ்வாணிபம் தனி மனிதரின் வாக்கிலிருந்து நீங்கிப் பெருமுதலின் கைக்குச் சென்றது. ஐக்கிய அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் 1936இல் திறக்கப்பட்ட சன் வலி என்னும் தலம் இம்மாற்றத்தின் சின்னமாகும். அதனை அமைத்தது யூனியன் பசிபிக் என்னும் புகையிரதக் கொம்பனி. பயணிகளைத் தன் பாதைக்கு ஈர்ப்பதே அதன் நோக்கம். கம்பிவட நாற்காலி உலகில் முதன்முதலாக அங்கேயே நிறுவப்பட்டது. அதனை வடிவமைத்த ஜேம்ஸ் கரன் என்னும் பொறியியலாளர், கப்பல்களில் வாழைக்குலைகளை ஏற்றும் கொக்கிகள் கொண்ட வடப்பொறியை முன்மாதிரியாகக் கொண்டார். குலைக்குப் பதிலாக மனிதன் கொக்கியிலே தொங்கினான். இது வெறும் வேடிக்கைச் செய்தியன்று. மணித்தியாலத்துக்கு இத்தனை பேர் என மனிதரை எண்ணி ஏற்றத்தக்க பொறி வந்த பின்னரே சறுக்கு விளையாட்டு ஒரு கைத்தொழிலாயிற்று. விருந்தினராக வந்தவர் எண்ணிக்கைக்கு உட்பட்டார். விடுதிக்காரரின் வாக்கு நின்ற இடத்தில் விளம்பரம் வந்து நின்றது.

விளம்பரத்திற்குக் காது கொடுப்பவர் யார் என்பதையும் நோக்குதல் வேண்டும். பனிச்சறுக்குச் செல்வரின் விளையாட்டு என்பது பெரும்பாலும் உண்மையே. ஆயினும் சாதாரண வருவாயுடைய ஆசிரியரும் தொழிலாளரும் தம் பிள்ளைகளுடன் ஆண்டிலே இரண்டொரு நாட்கள் மலைக்குச் செல்லப் பணஞ் சேர்த்து வைக்கும் வழக்கமும் அந்நாடுகளில் உண்டு. இத்தகைய ஒரு குடும்பம் வெள்ளிக்கிழமை மாலை வேலை முடிந்ததும் புறப்பட்டு, பல மணித்தியாலம் வண்டியோட்டி, விடுதிக்கும் சீட்டுக்கும் பலகைக்கும் பயிற்சிக்கும் தனித்தனியே பணங் கட்டிய பின்னரே மலையை நேரிற் காண்கின்றது. எட்டு அங்குலப் புதுப்பனி எனக் கேட்டு வந்த இடத்தில் இரண்டங்குலமும் அதன்கீழ்க் கட்டிப்பனியும் இருப்பின், அக்குடும்பம் செய்யக்கூடியது யாது? திரும்பிச் செல்வதாயின் செலவிட்டது மீளாது. எனவே சகித்துக்கொண்டு சறுக்கிவிட்டுத் திரும்புகின்றது. அப்பொய்யினால் தலத்துக்கு அன்று எவ்வித இழப்பும் இல்லை. பொய் தண்டனையின்றி வாழக்கூடிய நிலம் இதுவேயாகும்.

இஃது ஊகமன்று, அளந்து காட்டப்பட்ட உண்மை. டாற்மத் கல்லூரியைச் சேர்ந்த ஜொனதன் சின்மன், எரிக் சிற்ஸவிற்ஸ் என்னும் பொருளியலறிஞர் இருவர், வட அமெரிக்கத் தலங்கள் நாள்தோறும் வெளியிட்ட பனிவீழ்ச்சி அறிக்கைகளை அரசாங்க வானிலை அளவீடுகளோடு ஒப்பிட்டனர். 2009இல் முதலில் வெளிவந்து, 2016இல் அமெரிக்கப் பொருளியற் சஞ்சிகை ஒன்றிற் பதிப்பிக்கப்பட்ட அவ்வாய்வின் பெறுபேறு எளிமையானது: வார இறுதி நாட்களிலே தலங்கள் ஏனைய நாட்களைவிட 23 சதவீதம் அதிகமான புதுப்பனி வீழ்ந்ததாக அறிவித்தன. அரசாங்க அளவீடுகளிலோ அத்தகைய வேறுபாடு இல்லை. கிழமை பார்த்து மேகம் பொழிவதில்லை. கிழமை பார்த்து அறிக்கையே பொழிந்தது. மிகைப்படுத்துவதால் கூடிய இலாபம் பெறக்கூடிய தலங்களே கூடுதலாக மிகைப்படுத்தின என்றும் அவர்கள் கண்டனர்.

இப்பெறுபேற்றின் அறமுகம் அதன் எண்ணைக் காட்டிலும் முக்கியமானது. வாரநாளில் மலைக்குச் செல்லக்கூடியவர் யார்? ஓய்வும் வசதியும் உடையவர், மலையருகே வாழ்பவர், இன்று பனி குறைவெனில் நாளை செல்லலாம் என்றிருப்பவர். வார இறுதியன்றி வேறு நாள் இல்லாதவரோ உழைப்பிற்குக் கட்டுண்டவர். தெரிவு செய்யும் சுதந்திரம் எவரிடம் மிகக் குறைவாக உள்ளதோ அவரை நோக்கியே பொய் மிகுதியாகச் சொல்லப்பட்டிருக்கின்றது. எல்லோர்க்கும் ஒரே அளவிற் சொல்லப்படும் பொய் கண்டிக்கத்தக்கது. இயலாதவனைத் தேடிச் சென்று சொல்லப்படும் பொய்யோ இரட்டைக் குற்றமாகும்.

அவ்வாய்வின் பிற்பகுதி நம்பிக்கை தருவது. 2009ஆம் ஆண்டின் தொடக்கத்தில், மலையில் நிற்கும் சறுக்குவோர் தாம் கண்ட பனிநிலையை ஐபோன் வாயிலாக உடனுக்குடன் ஏனையோர்க்கு அறிவிக்கும் வசதி ஏற்பட்டது. அதன் பின்னர் மிகைப்படுத்தல் சடுதியாகக் குறைந்தது. அந்தத் தொலைபேசியின் அலை நன்கு எட்டிய தலங்களிலே அது மேலுங் குறைந்தது. ஒரு பருவத்துள் தலத்தார் அனைவரும் நற்பண்பினராக மாறிவிட்டனர் என்று கொள்ளமுடியாது. அளவுகோல் அவர்கள் கையில் மட்டும் இருந்த நிலை மாறியது, அவ்வளவே. நேர்மையைத் தனி மனித குணமாக மட்டும் நோக்குவோர்க்கு இது ஒரு பாடம். சாட்சி உள்ள இடத்தில் நேர்மை எளிதாகின்றது.

பனியின் ஆழத்தைப் போன்றே தடங்களின் நீளமும் விற்பனைக்குரிய எண்ணாகும். ஐரோப்பியத் தலங்கள் தம்மிடமுள்ள சறுக்குத்தடங்களின் மொத்த நீளத்தைக் கிலோமீற்றரிற் கூறி விளம்பரஞ் செய்வது வழக்கம். சீட்டின் விலையை அந்நீளத்தால் வகுத்துப் பார்த்தே பலர் பெறுமதியை மதிப்பிடுகின்றனர். கிறிஸ்ரொவ் ஷ்றாக என்னும் ஜேர்மனிய ஆலோசகர் பெருந்தலங்கள் பலவற்றின் தடங்களை ஒவ்வொன்றாக அளந்து 2013இல் வெளியிட்ட முடிவுகள் இவ்வழக்கத்தை உலுக்கின. சுவிற்சர்லாந்தின் நான்கு பள்ளத்தாக்குகள் என்னும் தலம் 412 கிலோமீற்றர் எனக் கூறியிருந்தது. அவர் அளந்து கண்டது 164 மட்டுமே. சறுக்குவோர் நேர்கோட்டிற் செல்வதில்லை, வளைந்து வளைந்தே இறங்குவர், ஆதலின் வளைவுகளையுஞ் சேர்த்தே கணித்தோம் என்பது சில தலங்களின் விளக்கம். இவ்வாதப்படி, தள்ளாடி நடப்பவனுக்குத் தெருவின் நீளம் கூடிவிடும். எனினும் இவ்வெளியீடு வீணாகவில்லை. பின்னர் தலங்கள் பல தம் தடங்களை அளவைக்கு உட்படுத்திச் சான்று பெற்று, அச்சான்றையே விளம்பரமாகவும் கொண்டன. உண்மைக்கும் சந்தையில் ஓர் இடமுண்டு என்பதற்கு இது சான்று.

இங்கு தலத்தார் தரப்பு நியாயத்தையும் கூறாது விடல் நீதியன்று. அவர்களின் செலவு பனி வீழ்ந்தாலும் வீழாவிட்டாலும் ஏறக்குறைய ஒன்றே. கம்பிவடங்களின் பராமரிப்பு, கடன் வட்டி, காப்புறுதி, ஊழியர் சம்பளம் என்பன மேகத்தை நோக்கிக் காத்திருப்பதில்லை. வருவாயோ சில மாதங்களுள், அம்மாதங்களின் வார இறுதிகளுள், அவற்றினும் நத்தார், புதுவருட விடுமுறைக்குள் அடங்கிவிடுகின்றது. அந்நாட்களில் வாடிக்கையாளர் வராவிடின் ஆண்டு முழுவதும் நட்டம். 1950இல் கனெற்றிக்கற் மாநிலத்தில் உருவாக்கப்பட்ட செயற்கைப்பனிப் பொறி இவ்விடரை ஓரளவு தணித்தது. நீரையும் அழுத்தக் காற்றையும் குளிர்ந்த வெளியிற் பீச்சிப் பனித்துகளாக்கும் அப்பொறிக்கும் உறைநிலையை அண்டிய குளிர் இன்றியமையாதது. 2022ஆம் ஆண்டின் முடிவிலும் 2023இன் தொடக்கத்திலும் அல்ப்ஸ் மலையில் நிலவிய அசாதாரண வெப்பத்தின்போது, தாழ்ந்த தலங்கள் பலவற்றில் புல்வெளியின் நடுவே வெண்ணிறப் பட்டி போன்ற ஒரு தடமே எஞ்சியிருந்தது. பல தடங்கள் மூடப்பட்டன. புவி வெப்பமுறும் இக்காலத்தில் இத்தொழிலின் அச்சம் பொய்யான அச்சமன்று.

ஆயின் அச்சம் பொய்க்குக் காரணமாகலாமேயன்றி நியாயமாகாது. அன்றியும் பொய் அத்தொழிலையே அரிக்கும் தன்மையது. பொருளியலறிஞர் ஜோர்ஜ் அக்கலொவ் 1970இல் பழைய மோட்டார் வாகனச் சந்தையை உதாரணமாகக் கொண்டு எழுதிய கட்டுரை இதனை விளக்குகின்றது. அவர் 2001இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொள்வதற்கு வழிவகுத்த ஆய்வு அது. நல்ல வண்டியையும் பழுதான வண்டியையும் வாங்குவோன் பிரித்தறிய முடியாதவிடத்து, எல்லா வண்டிகளுக்கும் ஐயத்தின் விலையையே கொடுப்பான். நல்ல வண்டிக்காரன் சந்தையை விட்டு விலகுவான். பனிமலைக்கும் இது பொருந்தும். எல்லோரும் எட்டங்குலம் என மிகைப்படுத்துமிடத்து, மூன்றங்குலம் என மெய்யுரைக்கும் தலத்தின் அறிக்கையை வாடிக்கையாளன் ஒன்றரை அங்குலமாகவே கொள்வான். பொய்யனின் கடனை மெய்யன் இறுக்கவேண்டியதாகின்றது.

பெறுமதி என்னும் சொல்லை இவ்விடத்தில் நுணுகி நோக்குதல் பொருத்தமாகும். 2008இல் வெய்ல் நிறுவனம் தனது தலங்கள் பலவற்றிலும் பருவம் முழுவதும் சறுக்கத்தக்க ஒரு சீட்டை 579 டொலருக்கு அறிமுகஞ் செய்தது. 2018இல் போட்டி நிறுவனம் ஒன்றும் இவ்வழியைப் பின்பற்றியது. இச்சீட்டுக்கள் பனிக்காலத்துக்கு முன்னரே விற்கப்படுவன. பனி வீழுமுன் பணம் வந்துவிடுவதால் நிறுவனத்தின் இடர் குறைகின்றது. அவ்விடரை வாங்குவோன் தன் தலையில் ஏற்கின்றான். அதற்கு ஈடாகவே விலை குறைகின்றது. அடிக்கடி சறுக்குவோர்க்கு இது பேருதவி என்பதில் ஐயமில்லை. ஆனால் அன்றன்று வந்து வாங்கும் நாட்சீட்டின் விலை மறுபுறத்தில் ஏறிச் சென்று, அமெரிக்கப் பெருந்தலங்கள் சிலவற்றில் உச்ச நாட்களில் 300 டொலரைத் தாண்டியுள்ளது. இவ்விளையாட்டைப் புதிதாக அறிய வருபவன், ஆண்டுக்கொருமுறை மட்டும் வரக்கூடியவன், முன்கூட்டிப் பணங்கட்ட இயலாதவன் ஆகியோரே இவ்விலையைக் கொடுக்கின்றனர்.

மலிவு என்பதும் விலையுயர்வு என்பதும் தம்மளவில் நேர்மையோ நேர்மையீனமோ ஆகா. எவ்விடரை எவர் சுமக்கின்றார் என்பது வெளிப்படையாகச் சொல்லப்பட்டதா என்பதே கேள்வி. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் கொவிட் தொற்றினால் வட அமெரிக்கத் தலங்கள் இடைநடுவில் மூடப்பட்டபோது இக்கேள்வி திடீரென முன்வந்து நின்றது. முழுப் பருவத்துக்கும் பணங் கொடுத்தோர், பருவம் அரைகுறையாக முடிந்ததைக் கண்டு கொதிப்படைந்தனர். வெய்ல் நிறுவனம் அடுத்த பருவச் சீட்டின் விலையில் ஒரு பகுதியைக் கழித்துக் கொடுத்ததுடன், 2020-21 பருவந்தொட்டுச் சிலவகை நட்டங்களுக்கான காப்பீட்டைச் சீட்டோடு இணைத்தது. முன்னர் எழுதப்படாதிருந்த வாக்குறுதி இடர்வந்த பின்னர் எழுதப்பட்டது. இடருக்கு முன்னரே எழுதப்பட்டிருப்பின் அது சேவை. பின்னர் எழுதப்படுவது பெரும்பாலும் சமாதானமே.

சேவை என்ற சொல்லோடு புன்முறுவலைச் சேர்த்தே எண்ணுவது இக்காலத்து வழக்கம். சீட்டு விற்பவர் முகமலர்ச்சியுடன் வரவேற்பதும், நாற்காலியருகே நிற்பவர் சிறுபிள்ளையைத் தாங்கி ஏற்றுவதும் நற்சேவையே. ஆனால் நிறுவனத்தின் நேர்மையை ஊழியரின் புன்முறுவலால் ஈடுசெய்ய இயலாது. 2024ஆம் ஆண்டு டிசம்பர் 27ஆந் திகதி, யூற்றா மாநிலத்தின் பார்க் சிற்றித் தலத்தில் மலைக்காவலர் வேலைநிறுத்தஞ் செய்தனர். அவர்களின் கோரிக்கைகளுள் முதன்மையானது, தொடக்க ஊதியத்தை மணித்தியாலத்துக்கு 21 டொலரிலிருந்து 23 ஆக உயர்த்துதல். எட்டு மணித்தியாலம் உழைத்துப் பெறும் 168 டொலர், உச்ச நாளில் ஒருவர் மலையேறும் சீட்டின் விலையில் ஏறத்தாழப் பாதி. ஆண்டின் மிக நெரிசலான வாரத்தில் அங்கு வந்திறங்கியோர், தடங்கள் பல மூடப்பட்டிருக்க நீண்ட வரிசைகளிற் காத்து நின்றனர். 2025 ஜனவரி இரண்டாம் வாரத்தில் புதிய ஒப்பந்தத்துடன் வேலைநிறுத்தம் முடிந்தது. முன்னறிவித்தல் இன்றித் தம்மை வரவழைத்ததாக வாடிக்கையாளர் தரப்பில் வழக்கொன்றுந் தொடரப்பட்டது. அந்நாட்களிற் சறுக்கியோருக்கு அடுத்த பருவச் சீட்டில் விலைக்கழிவு தருவதாக நிறுவனமும் அறிவித்தது. வாடிக்கையாளனுக்குச் செய்யும் நேர்மையும் ஊழியனுக்குச் செய்யும் நேர்மையும் இரு வேறு கணக்குகள் அல்ல என்பதை அவ்வாரம் வெளிப்படையாகக் காட்டியது.

பெரும்பரப்பும் விரைவான பொறிகளுமே பெறுமதி என்று கொள்வோர்க்கு மாறான ஓர் எடுத்துக்காட்டும் உண்டு. வேர்மன்ற் மாநிலத்தின் மாட் றிவர் கிளென் என்னும் சிறு தலத்தில் 1948இல் ஓராள் மட்டும் அமரும் கம்பிவட நாற்காலி அமைக்கப்பட்டது. 1995இல் அத்தலத்தை அங்கு சறுக்குவோரே கூட்டுறவு முறையில் வாங்கினர். பழைய நாற்காலி 2007இற் புதுப்பிக்கப்பட்டபோதும், அதிகம் பேரை ஏற்றும் வகையை நாடாது, ஓராள் இருக்கையையே நிலைநிறுத்தினர். காரணம் பழைமைப் பற்று மட்டுமன்று. மேலே செல்வோர் தொகை குறையின் தடங்களில் நெருக்கடி குறையும். இயற்கைப்பனி மிதிபட்டுக் கெடாது நிலைக்கும். செயற்கைப்பனியை அத்தலம் பெரிதாக நம்புவதில்லை; பனியில்லாத நாளில் இல்லையென்றே இருக்கவேண்டும். சறுக்குவோரே உரிமையாளராதலின், தமக்குத் தாமே பொய்யான பனியளவைச் சொல்லிக்கொள்வதில் எவர்க்கும் இலாபமில்லை. எல்லாத் தலங்களும் கூட்டுறவாதல் இயலாது. ஆயினும், விற்போனும் வாங்குவோனும் ஒருவரேயாகுமிடத்து மிகைக்கூற்று இயல்பாகவே வேரற்றுப் போகின்றது என்பதை இச்சிறுமலை உணர்த்துகின்றது.

இதுவரை கூறியவை பணமும் நாளும் பற்றியவை. உயிர் பற்றியதும் ஒன்றுண்டு. சறுக்குத்தடங்களின் கடினத்தைக் குறிக்க வட அமெரிக்காவில் பச்சை வட்டம், நீலச் சதுரம், கறுப்பு வைரம் என்னும் குறிகள் இடப்படுகின்றன. அவை எல்லா மலைக்கும் பொதுவான அளவுகள் அல்ல. ஒவ்வொரு தலமும் தன் தடங்களுள் ஒன்றோடொன்றை ஒப்பிட்டே குறியிடுகின்றது. ஓரிடத்து நீலம் இன்னோரிடத்துக் கறுப்பை ஒத்திருக்கலாம். இதனை முதன்முறை வரும் ஒருவனுக்கு எடுத்துச் சொல்லி, அவனாற் கூடிய சரிவுக்கே அனுப்புதல் பயிற்சியாளரின் கடமை. அதிகக் கட்டணமுள்ள பாடத்தை விற்பதைக் காட்டிலும், இன்று உமக்கு இச்சரிவு போதும் என்று கூறுவதே பெரிய சேவை.

பனிச்சரிவுப் பேரிடர் இவ்வுண்மையை இன்னும் கூர்மையாக்குகின்றது. கடும்பனி பொழிந்த இரவின் மறுநாட் காலையே சறுக்குவோர் பெரிதும் விரும்பும் நேரம். பனித்திரள் சரிந்து வீழ்ந்து மனிதரைப் புதைக்கும் ஆபத்து மிகுந்த நேரமும் அதுவே. விடியுமுன் மலையேறி, வெடிவைத்துப் பனியைச் சரித்துப் பார்த்து, ஐயமிருப்பின் தடத்தை மூடுவது மலைக்காவலர் தொழில். 1982ஆம் ஆண்டு மார்ச் 31ஆந் திகதி, கலிபோர்னியாவின் அல்பைன் மெடோஸ் தலத்தில், பல நாட்கள் நீடித்த புயலின் பின்னர் ஆபத்து மிகுந்திருந்தமையால் மலை சறுக்குவோருக்கு மூடப்பட்டிருந்தது. அன்று பிற்பகலில் பெரும் பனிச்சரிவு அடிவாரக் கட்டடங்கள் வரை பாய்ந்து எழுவரைப் பலிகொண்டது. கட்டடச் சிதைவின் கீழ் அகப்பட்ட இளம்பெண் ஊழியர் ஒருவர் ஐந்து நாட்களின் பின் உயிருடன் மீட்கப்பட்டார். இறந்தோருக்காக வருந்தும் அதேவேளை, சரிவுகளிலே சறுக்குவோர் கூட்டம் இருந்திருப்பின் யாது நிகழ்ந்திருக்கும் என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அன்று சீட்டு விற்காமையே அத்தலம் தன் வாடிக்கையாளர்க்குச் செய்த சேவை.

இங்கு ஓர் ஒப்பீடு சிந்தனைக்குரியது. பனியின் ஆழத்தை அறிவிப்பது தலம், அதாவது விற்போன். பனிச்சரிவின் ஆபத்தை அறிவிப்பதோ, சுவிற்சர்லாந்தை எடுத்துக்கொள்ளின், டாவோஸில் உள்ள ஆய்வு நிறுவனம். 1993 தொடக்கம் ஐரோப்பிய நாடுகளின் எச்சரிக்கைச் சேவைகள் ஐந்து படிகள் கொண்ட பொதுவான ஓர் அளவையே கையாள்கின்றன. விடுமுறை வாரமென்பதற்காக நான்காம் படி மூன்றாம் படியாகக் குறைக்கப்படுவதில்லை. உயிர் போகும் என்ற நிலையில், அளவுகோல் விற்போன் கையில் இருத்தலாகாது எனச் சமூகம் உணர்ந்துகொண்டது. பணம் மட்டும் போகும் என்ற நிலையிலோ அவ்வுணர்வு தளர்ந்துவிடுகின்றது. ஆனால் ஆண்டு முழுவதும் சேர்த்த பணமும், பிள்ளைகளோடு கழிக்கக் கிடைத்த ஒரேயொரு வார இறுதியும் ஒரு குடும்பத்துக்கு அற்பமானவை அல்ல.

எனவே பனிச்சறுக்குத் தலங்களில் நேர்மையான சேவை என்பதற்கு மூன்று அடையாளங்கள் கூறலாம். அளக்கக்கூடிய யாவும், பனியின் ஆழமாயினும் தடத்தின் நீளமாயினும், பிறர் சோதிக்கத்தக்க முறையில் அளக்கப்பட்டு, அனைத்து நாளும் ஒரே கோலினாற் கூறப்படுதல் முதலாவது. பனி வீழாவிடினும் மலை மூடப்படினும் நட்டம் எவரைச் சாரும் என்பது பணம் பெறுமுன்னரே எழுதப்படுதல் இரண்டாவது. இன்று வரவேண்டாம் என்றோ, இச்சரிவு உமக்கு வேண்டாம் என்றோ சொல்லவேண்டிய வேளையில் தயங்காது சொல்லுதல் மூன்றாவது. வந்த பின் பணத்தைத் திருப்பிக் கொடுக்கும் உத்தரவாதத்தைச் சில தலங்கள் இன்று வழங்குகின்றன. காலையிற் சில தடவை சறுக்கிப் பார்த்துத் திருப்தியுறாதவர், குறித்த நேரத்துக்குள் சீட்டைத் திருப்பிக் கொடுத்து இன்னொரு நாளுக்கான சீட்டைப் பெறலாம். பட்றுற் கூறியதாக வழங்கும் பந்தயம் இவ்வடிவில் இன்னும் உயிர்வாழ்கின்றது என்றே கொள்ளலாம்.

பெறுமதி என்பது சீட்டின் விலையைத் தடங்களின் நீளத்தால் வகுத்துப் பெறும் ஈவு அன்று. சொல்லப்பட்டதற்கும் கண்டதற்கும் இடையிலுள்ள தூரமே அதன் மெய்யான அளவு. மூன்றங்குலம் எனக் கேட்டு வந்து மூன்றங்குலத்தைக் கண்டவன் குறைந்த பனியிலும் ஏமாற்றமுறான். இருப்பதற்கேற்ப மெதுவாகச் சறுக்கி, பிள்ளைக்கு விழாமல் நிற்கக் கற்பித்து, மாலையில் நிறைவுடன் இறங்கி வருவான். எட்டங்குலம் எனக் கேட்டு வந்தவனுக்கு ஐந்தங்குலமும் குறையாகவே தோன்றும். பனியை மிகுவிப்பது மனிதன் கையில் இல்லை. அத்தூரத்தைக் குறைப்பதோ முற்றாக அவன் கையிலேயே உள்ளது.